கேரவனுக்கு டிவி வேண்டாம் என்றேன்

1

இன்று காலை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது போன் தானாகவே ஒரு படத்தை எடுத்துக் காட்டியது. ‘நான்கு வருடங்களுக்கு முன் இதே நாள்’ என்று மேலே எழுத்து, ஓரத்தில் மினுமினுக்கும் நட்சத்திரங்கள், பின்னணியில் பியானோ. யார் கேட்டார்கள் இதை?

படத்தில் இருப்பது என் மகள் யாழினி. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. தலை நிறைய மல்லிகை, கழுத்தில் ரோஜா மாலை. காது குத்துச் சடங்கு. அவளை மடியில் வைத்துக்கொண்டு ஈ என்று இளிப்பவன் என் சித்தப்பா மகன் பிரகாஷ். அந்த இடத்தில் என் கூடப்பிறந்த அண்ணன் ஏழுமலை உட்கார்ந்திருக்க வேண்டும். சொந்தத் தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, கோயிலுக்கு வந்தவர்களில் முறை தேறும் ஒருவனைப் பிடித்து உட்கார வைத்துப் படம் எடுத்தோம். அதை அழிக்கப் போனால், இந்த இனிய நினைவை நிச்சயம் அழிக்க வேண்டுமா என்று போன் கேட்கிறது. இனிய நினைவாம். த்தூ.

அண்ணனும் அண்ணியும் இங்கே வந்து ஒரு மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்பிப் பத்து நாள் ஆகிறது. அந்த மாதத்தில் ஒரு மழை நாளில் நடந்ததை நான் என் கணவர் சேகரிடம் கூட முழுதாகச் சொல்லவில்லை. உள்ளேயே கிடந்தால் புளித்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். கிளியனூர், திண்டிவனம் பக்கத்து ஆட்கள் படித்தால் இது யார் வீட்டுக் கதை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பிடிக்கட்டும்.

2

கேரவன் வாங்கும் யோசனை சேகருடையது. ஊரில் கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் ஷூட்டிங் நடுவே ஏறி உட்காரும் ஏசி வண்டி. இங்கே அமெரிக்காவில் அதற்கு ஆர்.வி. என்று பெயர். அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் வைத்த ஒரு பெட்டி வீட்டை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஏரிக்கரைக்கும் மலைக்கும் போகிறார்கள். நாங்கள் வாங்கப் போகிறோம் என்று போனில் சொன்னதும் அண்ணி கிளியனூர் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டார். தனம் சினிமாவில் சேர்ந்துவிட்டாளா, இந்த வயதில் அவளுக்கு என்ன வேஷம் கொடுப்பார்கள் என்று இரண்டு பேர் அக்கறையாக விசாரித்தார்களாம்.

தையில் யாழினி பெரியவளானாள். அதற்கு மாமன் சீர் செய்ய அண்ணன் தானே அமெரிக்கா வருவதாக அண்ணிதான் சொன்னார். அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்தி நான்கு வருடம். நான் கூப்பிட்டால் அண்ணி எடுப்பார். அண்ணன் பக்கத்திலிருந்து, பாப்பா படிக்குதா கேளு, மாப்பிள்ளைக்கு உடம்பு நல்லா கீதா கேளு என்று அண்ணியிடம் சொல்வார். நான் எப்படி இருக்கிறேன் என்று மட்டும் கேட்க மாட்டார். அப்படிப்பட்டவர், சீரைக் கூரியரில் அனுப்பிவிடலாமே என்று அவர் மகன் சொன்னதற்கு, மாமன் சீர் என்ன செருப்பா பார்சலில் அனுப்ப என்று திட்டினாராம். அதைக் கேட்டு நான் சமையலறையில் நின்று அழுதேன். வருகிறவர்களை நாலு இடம் கூட்டிப்போக வேண்டும், அண்ணனுக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, அதனால் கேரவன் என்று முடிவாயிற்று.

கடைக்குப் போனோம். கடை என்றால் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு மாதிரி நாலு மடங்கு மைதானம், நிறைய நிறைய வெள்ளைப் பெட்டிகள். விற்பனையாளன் ஒருவன் வந்தான். என் பெயரை மூன்று முறை சொல்லிக் கொடுத்தும் ‘டானா’ என்பதிலேயே நின்றுவிட்டான். பெட்டியின் விலையைச் சொன்ன கையோடு இன்னொரு பட்டியலை நீட்டினான். என்டர்டெயின்மென்ட் பேக்கேஜ். வேண்டியதை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம், கட்டாயமில்லை என்றான். கட்டாயமில்லை என்று சொல்லும்போதே அவன் குரல் மாறியது. இதெல்லாம் இல்லாமல் யார்தான் போவார்கள் என்ற பரிதாபம் அதில் இருந்தது.

கூடத்தில் ஒரு டிவி, பொத்தானை அழுத்தினால் அலமாரிக்குப் பின்னாலிருந்து மேலே எழும்பி வரும். படுக்கையறையில் ஒன்று. பிள்ளைகள் படுக்கும் மேல் கட்டிலுக்கும் கீழ்க் கட்டிலுக்கும் ஆளுக்கொரு குட்டி டிவி, ஒருவர் பார்ப்பதை மற்றவர் பார்த்துத் தொலைக்கக் கூடாதாம். வண்டியின் வெளிப்பக்கச் சுவரில் ஒரு கதவைத் திறந்தால் அங்கே ஒரு டிவி, இரண்டு ஸ்பீக்கர். கூரையில் தட்டு ஆண்டெனா. தியேட்டர் நாற்காலி, அது முதுகைப் பிடித்துவிடும், டம்ளர் வைக்கும் குழியில் நீல விளக்கு எரியும். கடைசியாக அவன் பெருமையோடு ஒரு பொத்தானை அழுத்தினான். சுவரில் ஒரு கண்ணாடிக்குள் நெருப்பு எரிந்தது. சுடவில்லை. விறகு வெடிக்கும் சத்தம் மட்டும் ஸ்பீக்கரில் வந்தது.

எனக்குக் குமட்டியது. இதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சேகரும் யாழினியும் அந்தப் பொய் நெருப்பின் முன்னால் நின்று குளிர் காய்வது போலப் படம் எடுத்தார்கள். காட்டுக்குள் போய் நெருப்பு மூட்டத்தானே இந்த வண்டியையே வாங்குகிறார்கள்? அங்கே விறகு விற்கிறார்கள், குழி வெட்டி வைத்திருக்கிறார்கள். கேப்பைக் களி கூடக் கிண்ட உதவாத நெருப்புக்கு எதற்கு இடம் அடைப்பது?

சேகர் எல்லாவற்றையும் போடலாம் என்றார். வாங்குவது ஒரு தடவை, முழுசாக வாங்கு என்பது அவர் கொள்கை. யாழினி தன் கட்டிலுக்கு டிவி இல்லாவிட்டால் வரவே மாட்டேன் என்றாள். எங்கள் தெருவில் இருக்கும் கோயம்புத்தூர்க் குடும்பத்தை யோசனை கேட்டோம். அவர்களிடம் எல்லாம் வைத்த கேரவன் இருக்கிறது. போன வருடம் அவர்களோடு ஒரு மலைப் பக்கம் போயிருந்தோம். எட்டு மணி நேரம் ஓட்டிப்போய், மலைக்கு முதுகைக் காட்டி நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, வண்டிச் சுவரில் ஒரு பாட்டுப் போட்டி நிகழ்ச்சி பார்த்தார்கள். மரம் மறைத்ததால் தட்டு ஆண்டெனா எடுக்கவில்லை, அதற்காக வண்டியை இரண்டு தடவை இடம் மாற்றிப் போட்டார்கள். ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லிக் காவலர் வந்து போனார். அந்தம்மா என்னிடம், டிவி இல்லாம மழை வந்தா என்னங்க பண்ணுவீங்க, நாலு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துட்டு உட்காந்திருப்பீங்களா என்று கேட்டார். அதற்குத்தானே போகிறோம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கணக்காக யோசித்தாலும் என் பக்கம் நியாயம் இருந்தது. வருடத்தில் மூன்று வாரம் ஓடும் வண்டி. டிவி நான்கு வருடத்தில் பழசாகிவிடும், சுவரில் பதித்ததைக் கழற்றி மாற்றுவது லேசில் முடியாது. தியேட்டர் நாற்காலி போட்டால் சாப்பிடும் மேசை சிறிதாகிவிடும். ஆளுக்கொரு போன் கையில் இருக்கும்போது இத்தனை திரை எதற்கு? இதையெல்லாம் அடுக்கடுக்காகச் சொன்னேன். எல்லாம் சரியான காரணங்கள், ஆனால் என் காரணம் அதில் எதுவும் இல்லை. அண்ணனோடு நான் பேச வேண்டும், நடுவில் ஒரு திரையும் இருக்கக் கூடாது. ஒன்றுமே இல்லாத வண்டியைத்தான் வாங்கினோம். டிவி மாட்டும் இரும்புத் தகடு மட்டும் சுவரில் இருந்தது. அது கம்பெனியே வைத்து அனுப்புவதாம், கழற்ற முடியாது என்றான்.

3

நான்கு வருடத்துக்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கோடை லீவில் ஊருக்குப் போயிருந்தோம். சேகர் வீடு விழுப்புரத்தில். அவர்கள் குலதெய்வம் திண்டிவனம் தாண்டி உள்ளே ஒரு ஊரில். அங்கே யாழினிக்குக் காது குத்து என்று நாள் குறித்தோம். உண்மையில் ஆறு வயதிலேயே இங்கே ஒரு மாலில் அவளுக்குக் காது குத்தியாகிவிட்டது. ஊருக்காக மறுபடி ஒரு தடவை குத்துவது போலப் பாவனை. அதுவே ஒரு கூத்துதான்.

டூரிஸ்ட் வேன் பேசப் போனபோது, டிவி செட்டு வெச்ச வண்டியா, சாதா வண்டியா என்று கேட்டார்கள். செட்டு வைத்த வண்டி என்று சொன்னது நான்தான். டிவி, கரோக்கே, இரண்டு மைக், கூரையில் சுற்றும் கலர் லைட். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறோம், சேகர் வீட்டார் இருபது பேர் வருகிறார்கள், ஒரு குறை சொல்லக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. பகல் வெளிச்சத்தில் பச்சையும் சிவப்பும் எல்லார் முகத்திலும் சுற்றிச் சுற்றி வந்தது. நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் தாய்மாமனை வாசலுக்கே வண்டி கொண்டுபோய் அழைத்துக்கொண்டு போவதுதான் மரியாதை. அண்ணன்தான், கிளியனூருக்குள்ள வந்து திரும்புனா உங்களுக்கு நேரமாயிடும், நாங்களே பஸ்ஸுல திண்டிவனம் வந்து மெயின் ரோட்டுல நின்னுக்கினு இருக்கோம் என்றார். தான் செய்து வைத்த தங்கத் தோடு, பட்டுப் பாவாடை, பழத் தட்டு என்று சீரை எடுத்துக்கொண்டு அவரும் அண்ணியும் மேம்பாலத்துக்கு முன்னால் பஸ் நிற்கும் இடத்தில் வெயிலில் நின்றார்கள். அங்கே போலீஸ் பேரிகேட் போட்டிருப்பதால் எந்த வண்டியும் ஊர்ந்துதான் போகும். எங்கள் வேனும் ஊர்ந்து, அவர்களைத் தாண்டிப் போயிற்று.

பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. டிரைவர், சொல்லுவார்கள் என்று இருந்தார். சேகர், நான் பார்த்துக்கொள்வேன் என்று இருந்தார். நான் மைக்கைப் பிடித்துப் பாடிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையிலேயே அன்றுதான் மைக் பிடித்தேன். நாத்தனார்கள் கைதட்ட, டிவியில் வரி ஓட, நான் அதைப் பார்த்துப் பாடுகிறேன்.

டோல்கேட்டில் பாட்டை நிறுத்தியபோதுதான் போனைப் பார்த்தேன். அண்ணியிடமிருந்து ஒன்பது மிஸ்டு கால். வண்டியைத் திருப்பச் சொன்னேன். திரும்பிப் போய் வந்தால் நல்ல நேரம் தாண்டிவிடும் என்றார் சேகரின் பெரியப்பா. அவரே, மாமன் இன்னா சின்னக் கொழந்தையா, பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ புடிச்சி வரட்டும் என்றார். நான் முடியாது என்று சொல்லவில்லை. இறங்கி நின்றிருக்கலாம், வேறு வண்டி பிடித்துப் போயிருக்கலாம். இருபது பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். சேகர்தான் போன் செய்து, ஆட்டோவில் வந்துவிடுங்கள் என்றார். சரிங்க மாப்ள என்று அண்ணன் வைத்துவிட்டார்.

அவர் வரவில்லை. பிரகாஷ் மடியில் உட்கார வைத்து முடித்தோம். தோடு அண்ணன் பையில் போய்விட்டதால், மாலில் வாங்கியதையே கழற்றி மறுபடி மாட்டினோம். அந்தப் படத்தை நாத்தனார் மகள் மதியத்துக்குள் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள். அண்ணன் அதையும் பார்த்திருக்கிறார்.

சாயந்திரம் அண்ணியிடம் போனில் நான் ஒரு பொய் சொன்னேன். பாப்பா வாந்தி எடுத்துக்கினு இருந்தா அண்ணி, நான் பின் சீட்டுல குனிஞ்சி அவளப் புடிச்சிக்கினு இருந்தேன், ரோட்டப் பாக்கவே இல்ல என்றேன். யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னேன். அதற்கப்புறம் நான்கு வருடமும் அதையேதான் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். சேகருக்கு உண்மை தெரியும். அவர் ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை, அவருக்கும் அது வசதிதான்.

4

அண்ணனுக்கு முதல் தடவை விசா மறுத்துவிட்டார்கள். அழைப்புக் கடிதம், சம்பளச் சீட்டு, வீட்டுப் பத்திரம், எங்கள் கல்யாணப் படம் என்று ஒரு கட்டு அனுப்பியிருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் எதையும் பிரிக்கவில்லையாம். தமிழ் தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார். யாரைப் பார்க்கப் போகிறீர்கள்? தங்கையை. கடைசியாக எப்போது அவரோடு பேசினீர்கள்? நாலு வருஷமா பேசுலீங்க என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். துண்டுக் காகிதம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். போன வாரம் பேசினேன் என்று சொல்லித் தொலைத்தால்தான் என்ன என்று நானும் எரிந்து விழுந்தேன். அப்படி எரிந்து விழுந்த பிறகு எனக்கே என் மேல் வெறுப்பு வந்தது. விசாவுக்குக் கூட ஒரு பொய் சொல்ல வராத மனிதரைத்தான் நான் நான்கு வருடமாக வாந்திக் கதை சொல்லி ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் தடவை போவதற்கு முன்னால் அவரே எனக்குப் போன் செய்தார். நாந்தான், நாளைக்கு கேட்டா பேசுனேன்னு சொல்லணும் இல்ல, அதான் கூப்புட்டேன் என்றார். அரை நிமிஷம் கூட இல்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று வைத்துவிட்டார். விசா கிடைத்தது.

ஏர்போர்ட்டில் வேட்டியும் குளிர் கோட்டுமாக வந்து நின்றார். மஞ்சள் பையில் சொந்தக் கொல்லையில் விளைந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வறுத்து உரித்தது. மறுநாள் காலை குளித்துவிட்டு யாழினியைக் கூப்பிட்டு மனையில் உட்கார வைத்து, பட்டுத் தாவணியும் அதே பழைய தங்கத் தோடும் கொடுத்தார். யாழினிக்கு ஒரே கூச்சம். பள்ளியில் யாருக்கும் சொல்லிவிடாதே அம்மா என்று இங்கிலீஷில் என் காதைக் கடித்தாள். ஆனால் தோட்டை மாட்டிக்கொண்டாள், கழற்றவில்லை.

எல்லாரோடும் பேசினார். என்னோடும் பேசினார்தான். உப்பு கம்மி, கதவ சாத்து, இந்த ஊர்ல நாய் கொலைக்கவே கொலைக்காதா என்ற வரையில் பேசினார். வாசல் மட்டும் திறந்தது, உள்ளே கூப்பிடவில்லை.

5

ஜூன் முதல் வாரம் கிளம்பினோம். வடக்கே ஒரு பெரிய ஏரிக்கரைக் காடு, ஒன்பது மணி நேர ஓட்டம். வழி நெடுக நான் மனதுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டே வந்தேன். அண்ணா, அன்னிக்கு நான் பின் சீட்டுல இல்ல. இவ்வளவுதான். ஆறு வார்த்தை வெளியே வருவதற்கு எனக்கு ஒரு காடும் ஒரு கேரவனும் தேவைப்பட்டன.

முதல் நாளே அண்ணி சுற்றிப் பார்த்துவிட்டு, இவ்ளோ பெரிய வண்டில டிவி இல்லியா தனம் என்று கேட்டார். அவர் பார்க்கும் சீரியலில் அந்த வாரம் யாரோ ஜெயிலிலிருந்து வருகிறார்களாம். எட்டு வருடமாக ஒரு நாள் விடாமல் பார்த்தவர், இந்தக் காட்டில் வந்து விட்டுவிட்டேன் என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். சேகர் என்னைப் பார்த்தார். யாழினி என்னைப் பார்த்தாள். அண்ணன் சுவரில் இருந்த இரும்புத் தகட்டைத் தட்டிப் பார்த்து, துணி காய வைக்கவா என்று கேட்டுவிட்டுத் தன் ஈரத் துண்டை அதில் போட்டார். இருந்த ஐந்து நாளும் அந்தத் துண்டு அங்கேயே தொங்கியது.

பக்கத்து இடத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். அவர்கள் வெளிச்சுவர் டிவியில் பேஸ்பால் ஓடிக்கொண்டே இருந்தது. அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசி நான் பார்க்கவில்லை. முதலில் எனக்கு வழக்கமான வெறுப்புதான். மூன்றாம் நாள் ஒன்று கவனித்தேன். அவர்களாவது பேசாமல் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் பேசாமல் அவஸ்தைப்பட்டோம். அண்ணன் ஏரியைப் பார்ப்பார், நம்ம ஓங்கூரு ஆத்துல இதுல கால்வாசி தண்ணி வந்தா போதும் என்பார், அதோடு சரி. பேச வேண்டியதைப் பேசாதவர்கள் முன்னால் ஒரு ஏரியை வைத்தால் ஏரியைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். திரை இல்லை என்பதற்காக வாய் திறந்துவிடாது. இது எனக்குக் கடையில் நிற்கும்போது உறைக்கவில்லை.

6

நான்காம் நாள் மதியம் மழை பிடித்தது. சும்மா மழை இல்லை, தகரக் கூரையில் கல் எறிகிற மாதிரி. பாலும் ரொட்டியும் தீர்ந்திருந்ததால் சேகர் டவுனுக்குக் கிளம்பினார். கடையைப் பார்க்கிற ஆசையில் அண்ணியும் கூடப் போய்விட்டார். உள்ளே அண்ணன், நான், மேல் கட்டிலில் யாழினி. அவள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு குப்புறப் படுத்திருந்தாள்.

மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அண்ணன். நடுவில் மல்லாட்டை. மழை நிற்பதாகத் தெரியவில்லை. கோயம்புத்தூர் அம்மா சொன்னது போலவே மூஞ்சியை மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது சொல், இப்போது சொல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுந்து அடுப்பைத் துடைத்தேன். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது ஒரு டிவி இருந்திருந்தால் போட்டிருப்பேன். அந்தப் பொய் நெருப்பு இருந்திருந்தால் அதையாவது போட்டுவிட்டு இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்போம்.

அண்ணன்தான் ஆரம்பித்தார். குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

“வண்டி நிக்கலன்னுதான் நான் பேசாம கீறேன்னு நெனச்சிக்கினு இருக்கியா?”

நான் துணியை வைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தேன்.

“பேரிகேட்டாண்ட வண்டி ஊர்ந்துக்கினு வந்துது. கை தூக்கினேன். அப்ப ஜன்னல்ல உன்னப் பாத்தேன். மைக்கப் புடிச்சிக்கினு பாடிக்கினு இருந்த. சின்ன வயசுலருந்து நீ வாயத் தொறந்து பாடி நான் பாத்தது இல்ல. அப்பாரு செத்தப்பறம் நீ சிரிச்சே பாத்தது இல்ல. சரி, தங்கச்சி சந்தோஷமா கீறா, இப்ப இன்னா அவசரம்னு தூக்கின கைய எறக்கிட்டேன். உங்க அண்ணி திட்டினா. எப்படியும் திரும்பி வருவாங்க, நில்லுன்னேன்.”

இரண்டு மல்லாட்டையை வாயில் போட்டுக்கொண்டார்.

“வர்ல. அதுவும் போவட்டும். ஊட்டுக்குப் போயி, நீ பாடுனத உங்க அண்ணிகிட்ட சொல்லிச் சொல்லி சிரிச்சிக்கினுதான் இருந்தேன். சாயந்திரம் போன் பண்ணி, பாப்பா வாந்தின்னு சொன்ன பாரு. அதான் எனக்கு ஆவல.”

நான்கு வருடம். நான்கு வருடமாக இவர் எல்லாம் தெரிந்துகொண்டு, என் வாந்திக் கதையை அண்ணி சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு, சொந்தக்காரர்கள் சொல்லும்போது தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். அண்ணியைத் தவிர ஒருவரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. நானோ வேன் டிவியைத் திட்டினேன், கலர் லைட்டைத் திட்டினேன், பெரியப்பாவைத் திட்டினேன், ஒரு விற்பனையாளனின் பட்டியலைப் பார்த்துக் குமட்டிக்கொண்டு நின்றேன். சீ என்று ஆகிவிட்டது எனக்கு என்னை நினைத்து.

மேல் கட்டிலிலிருந்து யாழினியின் தலை எட்டிப் பார்த்தது. இயர்போன் கழுத்தில் கிடந்தது. எப்போது கழற்றினாளோ தெரியாது. தமிழ் அரைகுறையாகத்தான் வரும், ஆனால் கேட்டால் எல்லாம் புரியும்.

“பாப்பான்னா நானா? நான் எப்பம்மா வாந்தி எடுத்தேன்?”

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இல்லம்மா, நீ எடுக்கல, அம்மாதான் பொய் சொன்னேன் என்றேன். அதையே அண்ணன் பக்கம் திரும்பி இன்னொரு தடவை சொன்னேன். பின் சீட்டுல இல்லண்ணா, ஜன்னல் சீட்டுலதான் இருந்தேன், பாடிக்கினுதான் இருந்தேன், நான் பண்ணது தப்பு. வழி நெடுகக் கட்டி வைத்த வாக்கியம் அது இல்லை, எதுவோ வந்தது. அழுதேன். யாழினி இறங்கி வந்து என் பக்கத்தில் உட்காரவில்லை, மாமன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அது நியாயம்தான்.

அண்ணன் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். நான் அழுது முடியும் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல் கேட்டார்.

“சரி, அன்னிக்கு இன்னா பாட்டு பாடுன? கண்ணாடி மூடி இருந்துதா, வாய் அசையறதுதான் தெரிஞ்சிது. இத்தினி வருஷமா யோசிச்சிக்கினு கீறேன்.”

நான் யோசித்தேன். மைக்கின் கனம் ஞாபகம் இருக்கிறது. நாத்தனார் கைதட்டியது, கலர் லைட், டிவியில் ஓடிய வரிகள் கூட ஞாபகம் இருக்கிறது, அதில் என்ன எழுதியிருந்தது என்றுதான் இல்லை. அவர் காத்துக்கொண்டிருந்தார். யாழினியும் காத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு முட்டிப் பார்த்தும் ஒரு வார்த்தை வரவில்லை.

ஞாபகம் இல்லண்ணா என்றேன். பொய் சொல்கிறேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். சத்தியமாக ஞாபகம் இல்லை.